வாவி நடுவே ஏன் வெடிமருந்து?

வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் போவோர் மகாவலியைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். நகரை மூன்று பக்கமும் வளைத்தோடும் அந்த ஆறு சாதாரண அகழியல்ல. 1803 ஜூனில் கண்டியில் சரணடைந்து வெளியேறிய பிரித்தானிய மேஜர் டேவியின் படை, பெருகி ஓடிய மகாவலியைக் கடக்க வழியில்லாமல் வட்டப்புளுவவில் சிக்கியது. அந்தப் படையிலிருந்த ஐரோப்பியரில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டனர்.

தண்ணீரின் பாதுகாப்பை நகருக்குள்ளும் காணலாம். கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்நிலத்துக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கிய கண்டி வாவியின் நடுவே ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அரச குடும்பத்தினர் இளைப்பாறிய இடம் அது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் அதை வெடிமருந்துக் கிடங்காக்கி, ஓரமெங்கும் கோட்டை பாணியில் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள்.

ஏன் அங்கே? அக்கால வெடிமருந்தான கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். எரியத் தேவையான ஒட்சிசனை வெடியுப்பே கொடுத்துவிடும். ஆகவே மூடிய பீப்பாய்க்குள்ளும் ஒரு பொறி போதும். தீவில் வைத்தால் அடுப்பு நெருப்பும் பந்தமும் கிட்ட வராது. படகில்லாமல் எவரும் நெருங்கவும் முடியாது. தப்பித் தவறி வெடித்தாலும் இடையில் கிடக்கும் நீர்ப்பரப்பு ஊரைச் சற்றுத் தள்ளியே வைத்திருக்கும்.

ஆனால் ஈரம் கருமருந்துக்குப் பகை. நனைந்த மருந்து சரியாகப் பற்றாது. கண்டியின் மழையில், அதுவும் வாவிக்கு நடுவே, அதை உலர்வாகக் காப்பது லேசான வேலையல்ல. நெருப்பா, ஈரமா என்று பார்த்ததில் நெருப்புக்கே அவர்கள் அதிகம் அஞ்சினார்கள் போலும்.