உப்புக் காற்றும் வீட்டுப் பூட்டும்

சமுத்திரக் கரையோரமாக வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள், சுவருக்கு என்ன வர்ணம் பூசுவது, நிலைக்கதவுக்கு எந்த மரம் வாங்குவது, மாடிப்படி எந்தத் திசை பார்த்து ஏறுவது என்பவற்றையெல்லாம் மாதக்கணக்கில் யோசித்து, உற்றாரையும் மேஸ்திரியையும் கலந்து தீர்மானித்தபின், அவ்வளவையும் காவல் காக்க வேண்டிய பூட்டை மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் ஏதோ ஒரு கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அந்தப் பளபளப்பு மங்கி, சாவி நுழைய மறுத்து, நுழைந்தாலும் திரும்ப மறுத்து, ஒருநாள் இரவு வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்திவிடும்போதுதான் பூட்டு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. அப்போது கடைக்காரரைக் குறை சொல்கிறோம். அவர் மேலும் தவறு இருக்கலாம். ஆனால் எண்ணூர் முதல் கன்னியாகுமரி வரை நமது கரையோர வீடுகளில் பூட்டுக்கு நேரும் கெடுதியில் பெரும்பங்கு காற்றில் வந்து படியும் உப்பினால் விளைவது. அந்த உப்பு எப்படி வருகிறது, எங்கே தங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், அதிகச் செலவில்லாமலே ஒரு பூட்டை நெடுங்காலம் காப்பாற்றலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அலை உடைந்து நுரைக்கும்போது எண்ணிறந்த குமிழிகள் வெடித்து, கண்ணுக்குப் புலப்படாத திவலைகளை மேலே வீசுகின்றன. திவலையிலுள்ள ஜலம் ஆவியாகிவிட, எஞ்சிய உப்பு காற்றோடு கலந்து ஊருக்குள் பிரயாணம் செய்கிறது. கனத்த துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுவதால்தான், கடலைப் பார்த்த முதல் வீதியில் இற்றுப்போகும் ஜன்னல் கம்பி, நாலு தெரு தள்ளிய வீட்டில் அவ்வளவு சீக்கிரம் இற்றுப்போவதில்லை. நுண்ணிய துகள்களோ பல கிலோமீட்டர் உள்ளேயும் செல்லும். சென்னைவாசிகள் கோடை நண்பகலில் ஆவலோடு எதிர்பார்க்கும் கடற்காற்றும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றும் குளிர்ச்சியோடு இந்தச் சுமையையும் கொண்டுவந்து இறக்குகின்றன.

உலர்ந்த உப்பினால் உலோகத்துக்குப் பெரிய தீங்கு இல்லை. ஆனால் கடற்கரையில் உப்பு உலர்ந்திருப்பதே அபூர்வம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கை எட்டினால் சாதாரணச் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீஷியம் குளோரைடு என்னும் வஸ்துவோ அதில் பாதி ஈரப்பதத்துக்கும் குறைவாக, நூற்றுக்கு 33 என்ற அளவிலேயே கசியும் இயல்புடையது. அடைமழைக் காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருக்கும் எந்தக் குடும்பப் பெண்ணும் இதை அறிவார். ஆகவே, கடலோரப் பூட்டின்மேல் மழைத்துளி ஒன்றும் விழாத நாளிலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் படர்ந்தே இருக்கிறது. அந்தப் படலத்தில் பிராணவாயுவும் கரைந்து சேர, இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து துருவாக மாறுகிறது. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின்மேல் இயற்கையாக உண்டாகும் காப்புப் படலத்தைத் துளைத்து அந்தக் காரியத்தைத் துரிதப்படுத்துகிறது.

துரு என்பது இரும்பு குறைவது மட்டுமன்று. அது இடத்தை அடைப்பதும் ஆகும். கரைந்த இரும்பைவிடத் துருவின் கன அளவு பல மடங்கு அதிகம். திறந்த கம்பியில் அது செதில் செதிலாக உதிர்ந்து போகும். பூட்டின் வயிற்றுக்குள் உதிர்வதற்கு ஏது இடம்? மூடி கழற்றிய பழைய லீவர் பூட்டு ஒன்றைச் சாலையோரத்தில் சாவி போடும் பெரியவரிடம் ஒருமுறை பார்த்தேன். பித்தளை லீவர்கள் பச்சைக் களிம்பு பூத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; அவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டிய மெல்லிய எஃகு ஸ்பிரிங்குகளில் இரண்டு நடுவில் முறிந்து கிடந்தன; தாழ் ஓடும் பள்ளத்தில் செம்மண் பொடி போலத் துரு நிறைந்திருந்தது. அவர் அதை விரல் நுனியால் தொட்டுக் காட்டி, “சாவிய குத்தம் சொல்றாங்க சார், உள்ளார உப்பு குடியிருக்கு, அத யாரும் பாக்கறதில்ல” என்றார். பூட்டின் வியாதிக்கு இதைவிடச் சரியான நிதானம் வேறு எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் விசேஷம் ஒன்று உண்டு. மழையில் நனையும் பூட்டுத்தான் முதலில் கெடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், மழை நேராக விழுந்து அலம்பிவிடும் உலோகத்தைக் காட்டிலும், தாழ்வாரத்துக்கு உள்ளே, கூரையின் நிழலில், காற்று மட்டும் வந்துபோகும் இடத்திலுள்ள உலோகம் பல சமயங்களில் அதிகமாக அரிக்கப்படுகிறது. காரணம் எளியது: மழைநீர் நல்ல தண்ணீர், அது படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. நிழலிலுள்ள பூட்டில் உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளிவாசல் கேட்டுப் பூட்டுக்குப் பாலிதீன் பையைக் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை நினைக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. மிகுந்த அக்கறையோடு செய்யும் காரியந்தான். ஆனால் உப்பைக் கழுவும் மழையை அந்தப் பை தடுக்கிறது, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடவும் மறுக்கிறது. சாவித்துவாரத்தை மட்டும் மறைக்கும் சிறு மூடி உள்ள பூட்டே போதும்.

உலோகம் அரிக்கப்படுவதைப் பற்றிய ஆராய்ச்சியில் நமது நாட்டுக்குப் பெருமை தரும் ஸ்தாபனம் ஒன்று, அழகப்பச் செட்டியாரின் கொடையினால் காரைக்குடியில் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமாகும். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் நாள்பட நிறுத்தி வைத்து, எது எவ்வளவு இழக்கிறது என்று அவர்கள் அளந்து வந்திருக்கிறார்கள். கப்பலுக்கும் பாலத்துக்கும் வேண்டிய அந்த அறிவு வீட்டு வாசலுக்கும் வந்து சேர வேண்டாமா?

எந்த உலோகத்தை நம்புவது என்ற கேள்விக்கு வருவோம். பித்தளை இரும்பைவிட மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவும் அமரத்துவம் பெற்றதன்று. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு ஈரம் நெடுநாள் தங்கினால் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, செல்லரித்த உத்திரம் போல உருவம் மாறாமல் பலம் மட்டும் போன, நுண்துளை நிறைந்த செம்பு மிஞ்சும். மஞ்சள் நிறத்தில் ஆங்காங்கே சிவப்புத் திட்டு தோன்றினால் இதுவே என்று அறியலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான கைப்பிடிகளோ பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே நிக்கல், குரோமியம் முலாம் பூசியவை. முலாமில் ஊசிமுனை அளவு துவாரம் விழுந்தாலும் அடியிலுள்ளது பொங்கி, மேற்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை முழுமையாக நம்பிவிடுவதும் ஆகாது. ஷெபீல்டு நகரத்தில் 1913-ல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய அந்த உலோகம் தன்னுள் கலந்த குரோமியத்தால் மெல்லிய காப்புப் படலத்தைத் தானே அணிந்துகொள்கிறது. சாதாரணமாகப் புழங்கும் 304 என்ற ரகத்தில் கடற்கரையில் தேநீர்க்கறை போன்ற பழுப்பு படரும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 என்ற ரகமே உப்பை எதிர்த்து நிற்க வல்லது. கரையை ஒட்டிய வீதிகளில் வசிப்பவர்கள் விலை சற்றுக் கூடினாலும் 316-ஐக் கேட்டு வாங்குவது நலம். உப்புநீர் மூடுபனியில் பூட்டைப் பல மணி நேரம் நிறுத்திச் சோதிக்கும் முறை ஒன்றும் உண்டு. ஐரோப்பியத் தர அளவையில் 240 மணி தாங்கியது நான்காம் தரம், 480 மணி தாங்கியது ஐந்தாம் தரம். பெட்டியின்மேல் அந்த எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

நல்ல பூட்டை வாங்கி, தச்சர் கையிலிருக்கும் இரும்புத் திருகாணியால் முடுக்கிவிட்டால் வாங்கிய பயன் பாதி போய்விடும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றால், அவற்றிடையே மின்சாரம் ஓடி, தாழ்ந்தது விரைவில் கரையும். இந்தத் தத்துவத்தைக் கொண்டே 1824-ல் ஹம்ப்ரி டேவி, இங்கிலாந்துக் கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடுகளைத் துத்தநாகத் துண்டுகளால் காப்பாற்ற வழி கண்டார். அங்கே துத்தநாகம் செய்த தியாகத்தை நம் கதவில் திருகாணி செய்கிறது; அகன்ற பித்தளைத் தகட்டின் நடுவே சின்னஞ்சிறு இரும்பாணி வெகு சீக்கிரம் தலை கழன்று விழும். பித்தளைக்குப் பித்தளைத் திருகாணி, எஃகுக்கு அதே ரக எஃகுத் திருகாணி என்று பிடிவாதமாகக் கேளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கைவேலையின் நேர்த்தியில் எனக்கு மிகவும் பிரியமானது. ஆனால் கடலோரத்துக்கு வாங்கும்போது உடல் இரும்பா பித்தளையா என்று விசாரித்து, இரும்பானால் அதை உள்வாசலுக்கு வைத்துக்கொள்வதே விவேகம்.

இனிப் பராமரிப்பு. பூட்டு இறுகினால் உடனே எண்ணெய் விடுவதே நம் வழக்கம். உப்பை நீக்காமல் விடும் எண்ணெய் அந்த உப்பையும் உள்ளேயே சேர்த்து மூடிவிடுகிறது. முதலில் செய்ய வேண்டியது, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பூட்டின் முகத்தையும் கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைப்பதுதான். கடலைப் பார்த்த வீதியில் வாரம் ஒருமுறை, சற்று உள்ளே மாதம் ஒருமுறை செய்தால் போதும். கிணற்றுநீர் கரிக்கும் ஊர்களில் அந்தத் தண்ணீர் உதவாது. குடிக்கிற தண்ணீரே வேண்டும். பித்தளையைப் புளியும் உப்பும் வைத்துத் துலக்குவது வழிவழி வந்த முறை என்றாலும், பாத்திரத்தைப் போலப் பூட்டைக் குழாயடியில் அலம்ப முடியாதாகையால் அது இங்கே கூடாது.

உலர்ந்தபின் எதை இடுவது? தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் சிக்கடித்துப் பித்தளையில் பச்சை ஏற்றும். நல்லெண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். பென்சில் கரியைத் தூவுவது உள்நாட்டில் சரியான உபாயம். உப்பு ஈரத்திலோ அந்தக் கரியே பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கத் துணை செய்யும். சிலிகோன் அல்லது டெஃப்ளான் சேர்ந்த, உலர்ந்து படியும் தெளிப்பான்கள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை மழைக்கு முன்னும் பின்னும் சாவித்துவாரத்தில் அடித்து, சாவியைப் பலமுறை திருப்பி, சாவியில் ஒட்டி வரும் அழுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஒரு சாவியை அண்டை வீட்டில் கொடுத்து, அவ்வப்போது திறந்து மூடச் சொல்லிவிட்டுப் போவது உத்தமம். அசையாத பூட்டே முதலில் இறுகும்.

இறுகியே விட்டால் பலம் காட்டாதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் சிறு செலவு பெருஞ்செலவாகும். அமெரிக்காவில் 1953-ல் ராக்கெட்டைத் துருவினின்று காக்க உண்டாக்கிய டபிள்யூ.டி-40 போன்ற தெளிப்பானை உள்ளே அடித்து, அரைமணி பொறுத்து, சாவியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கலாம். திறந்துகொண்டால், மெல்லிய அந்தத் திரவம் நெடுநாள் நில்லாதாகையால், மேலே சொன்ன உலர் தெளிப்பானையும் அடித்துவிட வேண்டும். அப்படியும் நாலு நாளில் மறுபடி பிடித்தால் உள்ளே ஸ்பிரிங் போயிற்றென்று கொள்ளலாம்; உருளைப் பூட்டானால் அந்த உருளையை மட்டும் கழற்றி, அதே நீளத்தில் வேறொன்று வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம், கதவைச் செதுக்க வேண்டியதில்லை.