நரம்பு நைந்தால் ரத்தம் சொல்லும்!

சர்க்கரைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, சோகைக்கு ஒன்று என்று எத்தனையோ பார்க்கிறோம். நரம்பு நலிந்தால் அதையும் ரத்தம் சொல்லுமா? சொல்லும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இது முக்கியமான சேதி.

எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியை மட்டுந்தான் கெடுக்கும் என்று நினைக்கிறோம், இல்லையா? தொற்றிய சில வாரங்களிலேயே அது மூளைக்குள்ளும் போய்விடக்கூடும். நரம்பு செல்களை விட்டுவிட்டு, பக்கத்தில் காவல் நிற்கும் செல்களில் குடியேறி, அழற்சியை உண்டாக்குகிறது. அதனால் நரம்புகள் மெல்ல மெல்ல நலிகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் மறதி, மந்தம், நடையில் தடுமாற்றம் என்று பிற்பாடு தலைகாட்டும்.

நரம்பு இழைக்குள்ளே ‘நியூரோஃபிலமென்ட்’ என்றொரு புரதம் இருக்கிறது. கயிற்றுக்கு நார் மாதிரி. கயிறு நைந்தால் நார் உதிருமே, அதேபோல நரம்பு நைந்தால் இந்தப் புரதம் உதிர்ந்து மூளையைச் சூழ்ந்த நீரில் கலக்கும். அதில் துளியூண்டு ரத்தத்துக்கும் வரும். எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் வருகிற அளவுகளில்தான் கணக்கிடுகிறார்கள்! முன்பு இதை அளக்க முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். இப்போது கையில் எடுக்கும் ரத்தமே போதும்.

ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், முதுகு நீரில் இந்தப் புரதம் கூடியவர்களுக்கு ரத்தத்திலும் கூடியிருந்தது. எச்.ஐ.வி.யால் அறிவுத் தேய்வு கண்டவர்களுக்கே மிக அதிகம். மருந்து தொடங்கியபின் அளவு இறங்குவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் ஒன்று: வயதானாலும், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தலையில் அடி என்றாலும் இது ஏறும். ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

“நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?” என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாதபோதே உள்ளே நரம்பு நையலாம் என்பதைத்தான் இந்தச் சோதனை நமக்குக் காட்டுகிறது. “மாத்திரையே நரம்பைக் கெடுக்குமாமே?” என்ற பயமும் உண்டு. ஸ்டாவுடின் என்ற பழைய மருந்து பலருக்குக் கால் நரம்பைப் பாதித்தது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லிவிட்டது.

காலில் எரிச்சலோ மதமதப்போ, புதிதாக மறதியோ தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நரம்புக்கும் அதுதான் காவல்!