இன்று உள்ளங்கையில்... நாளை ஐந்தடி! ‘இகுவானா’ வளர்க்க ஆசையா? முதலில் கணக்குப் போட்டுப் பாருங்க

சென்னை,

கிளிப்பச்சை நிறம். பளபளக்கும் கண். உள்ளங்கையில் உட்கார்ந்து முழித்து முழித்துப் பார்க்கும் அழகு. பார்த்தவுடனே, “நம்ம வீட்டுலயும் இது ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்!” என்று ஆசை வந்துவிடும். அதுதான் ‘இகுவானா’ குட்டி.

நாய், பூனை, வண்ண மீன் என்று இருந்த நகரத்து வீடுகளில் இந்த வெளிநாட்டு ஓணானும் நுழைந்துவிட்டது. பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். அப்பா பர்சைத் திறந்துவிடுகிறார்.

வாங்குவது பெரிய காரியம் அல்ல. வளர்ப்பதுதான் பெரிய காரியம்! வீட்டு இகுவானாவைக் கொல்லும் நோய்கள் பலவும் தானாக வருவது இல்லை. தீனியிலும் வெளிச்சத்திலும் வளர்ப்பவர் வைக்கும் குறையால் வருபவை. எனவே வாங்குவதற்கு முன்பே விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

உடும்பு அல்ல!

இகுவானாவைப் பார்த்து “உடும்பு” என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. உடும்பு நம் நாட்டுப் பிராணி. புழு, பூச்சி, முட்டை, எலி என்று மாமிசம் தின்னும். அதைப் பிடிப்பதும், வீட்டில் வைப்பதும் குற்றம். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே உடும்பு இருக்கிறது.

இகுவானாவின் சொந்த ஊர் மெக்சிகோ தொடங்கி பிரேசில் வரை. ஆற்றோர மரக்கிளையில் வெயில் காய்ந்துகொண்டு இலை தின்று வாழும் சைவப் பிராணி. ஆபத்து வந்தால் கிளையிலிருந்து ‘தொப்’பென்று தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பிவிடும்.

அதன் தலை உச்சியில் ‘மூன்றாவது கண்’ ஒன்று உண்டு! உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலே பருந்து பறந்தால் உஷாராவதற்காக இயற்கை கொடுத்தது. அதனால்தான் மேலிருந்து கையை நீட்டினால் மிரண்டு ஓடுகிறது. தூக்குவதாக இருந்தால் பக்கவாட்டில் கை கொடுத்து, வயிற்றைத் தாங்கித் தூக்க வேண்டும்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது வாலோடு சேர்த்து ஒரு சாண்தான் இருக்கும். ஒழுங்காகத் தீனி கிடைத்தால் 3 ஆண்டுகளில் 3 அல்லது 4 அடி ஆகிவிடும். நன்கு வளர்ந்த ஆண் 5 அடியைத் தாண்டும். எடை 4, 5 கிலோ வரை போகும். ஆயுசு எவ்வளவு தெரியுமா? நன்றாகக் கவனித்தால் 15 ஆண்டு. அதற்கு மேலும் இருக்கும். ஒண்ணாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு வாங்கிக் கொடுத்தால், அவன் காலேஜ் முடித்து வேலைக்குப் போகும் வரை கூட இருக்கும்!

மீன் தொட்டி போதாது

குட்டியை மீன் தொட்டியில் வைத்து விற்பார்கள். அதே தொட்டியில் கடைசி வரை வைத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

வளர்ந்த இகுவானாவுக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள கூண்டாவது வேண்டும். அது மரத்தில் வாழும் பிராணி. எனவே உயரம் முக்கியம். அதன் உடம்பு தடிமனுக்கு ஏற்ற கிளைகள் வைத்து, ஏறிப் படுக்க வசதி செய்ய வேண்டும்.

கூண்டின் அடியில் மணல், மரத்தூள் போடக் கூடாது. தீனியோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாள் போதும். மாலைப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் விரித்துவிடலாம். காலையில் சுருட்டி எறிந்தால் வேலை முடிந்தது!

ஒண்டுக் குடித்தனத்திலும், ஒரு படுக்கையறை ‘பிளாட்’டிலும் இருப்பவர்கள் இந்த 6 அடிக் கூண்டை எங்கே வைப்பது என்று இப்போதே அளந்து பார்ப்பது நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெயில்தான் உயிர்

இகுவானா வளர்ப்பில் மிக முக்கியமான விஷயம் இதுதான். வெயில்!

சூரிய ஒளியில் ‘யூ.வி.பி.’ என்ற புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பில் ‘டி’ வைட்டமின் ஊறும். ‘டி’ வைட்டமின் இருந்தால்தான் தின்ற தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். வெயில் இல்லாவிட்டால் சத்தான கீரை போட்டும் பயன் இல்லை.

“எங்க வீட்டு ஜன்னல் பக்கம்தான் வச்சிருக்கேன். நல்லா வெளிச்சம் வருது” என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தைத்தான் விடும். அந்தக் கதிரை வடிகட்டிவிடும்!

அதன் பலன் என்ன? எலும்பிலிருக்கும் சுண்ணாம்பையே உடம்பு உறிஞ்ச ஆரம்பிக்கும். தாடை வீங்கி ரப்பர் மாதிரி வளையும். தொடை உப்பும். விரல்கள் நடுங்கும். பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். “ஆஹா, தொடை கொழுகொழுன்னு ஆயிடுச்சு” என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு. அது கொழுப்பு அல்ல, நோய்! எலும்பு ஒருமுறை கோணிவிட்டால் பிறகு நேராவது கடினம்.

தினமும் காலை வெயிலில் கம்பி வலைக் கூண்டில் வைத்துக் காட்டலாம். கூண்டில் ஒரு பக்கம் கட்டாயம் நிழல் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு மொட்டை மாடியில் வைத்துவிட்டு மறந்து போனால், சென்னை வெயிலில் அது அடுப்பாகிவிடும். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும்.

வெயிலுக்கு வழி இல்லாத வீட்டில் ‘யூ.வி.பி.’ டியூப் லைட் பொருத்த வேண்டும். தினம் 10 முதல் 12 மணி நேரம் எரிய வேண்டும். லைட் எரிந்துகொண்டே இருந்தாலும் சில மாதங்களில் கதிரின் வீரியம் குறைந்துவிடும். எனவே 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் புது டியூப் மாற்றியாக வேண்டும்.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். அதற்கும் தூக்கம் வேண்டாமா?

கரண்ட் பில் எகிறும்

இகுவானாவுக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது. சுற்றுப்புறச் சூட்டில்தான் தீனி செரிக்கும். கூண்டில் ஒரு மூலை 35 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாகவும், மறு மூலை 26, 27 டிகிரியிலும் இருக்க வேண்டும். சூடு வேண்டும்போது இங்கே வரும். போதும் என்றால் அங்கே போகும்.

சென்னைவாசிகளுக்கு இது ஒரு வசதி. ஆண்டில் பாதி நாள் ஊரே சூடாக இருக்கிறது. ஆனால் அடைமழைக் காலத்திலும், மார்கழி இரவிலும், ஏ.சி. போடும் அறையிலும் கவனம் தேவை.

சூட்டுக்கு 100 வாட் பல்பு ஒன்று, 36 வாட் டியூப் ஒன்று என்று வையுங்கள். தினம் 12 மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 98 யூனிட். வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை இகுவானாவே விழுங்கிவிடும்!

பல்புக்குக் கம்பி வலை மூடி அவசியம். இல்லாவிட்டால் மேலே ஏறி உடம்பைச் சுட்டுக்கொள்ளும்.

கீரைக்காரம்மா போதும்

தீனி விஷயத்தில் நம் ஊர் கொடுத்து வைத்த ஊர். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ எல்லாம் இகுவானாவுக்கு ஏற்றவை. நறுக்கிய பரங்கிக்காய், பீன்ஸ் கொஞ்சம் கலக்கலாம். பப்பாளி, மாம்பழம் எப்போதாவது ஒரு துண்டு, அவ்வளவுதான்.

பாலக்கீரையை தினமும் போடக் கூடாது. அதிலுள்ள ஒரு அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டைக்கோசும் தினம் வேண்டாம். கீரை எதுவானாலும், பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவ வேண்டும்.

முட்டை, கறி, நாய் பிஸ்கட் போட்டால் சீக்கிரம் வளரும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! இலை தின்னும் பிராணிக்கு மாமிசம் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். சோறு, இட்லி, பால் எதுவும் ஆகாது.

காட்டில் இகுவானா குட்டிகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்னும். இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதிலிருந்துதான் குட்டியின் வயிற்றுக்குள் போகின்றன. என்ன அதிசயம் பாருங்கள்!

மூக்கு ஓரத்தில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தால் சளி என்று பயப்பட வேண்டாம். உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளும் பழக்கம் அதற்கு உண்டு.

வாலால் சாட்டையடி

கோபம் வந்தால் இகுவானா கழுத்துத் தொங்கட்டையை விரிக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டும். அதற்கும் மசியாவிட்டால் வாலால் ‘சுளீர்’ என்று ஒரு அடி! வளர்ந்த இகுவானாவின் வால் வீச்சு தோலில் தழும்பு போடும். பல் ரம்பம் மாதிரி இருக்கும். கடித்தால் சதை கிழியும்.

ஆண் இகுவானா இணை சேரும் காலத்தில் முரடாகிவிடும். நேற்று வரை தோளில் உட்கார்ந்தது இன்று கடிக்க வரும். ஒரே கூண்டில் இரண்டு ஆண்களை விட்டால் சண்டைதான்.

பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலே முட்டை போடும். போட இடம் இல்லாவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். ஈர மண் நிரப்பிய பெட்டி ஒன்று வைத்துவிட வேண்டும்.

வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பல்லி மாதிரி வால் கையோடு வந்துவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது.

உடம்பு சரியில்லை என்றால் எல்லா நாய் டாக்டரும் பார்த்துவிட மாட்டார்கள். ஊர்வன இனம் பார்த்துப் பழகிய கால்நடை டாக்டர் யார், எங்கே என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கை கழுவுங்கள்

ஆரோக்கியமாகத் தெரியும் இகுவானாவின் குடலிலும் ‘சால்மொனெல்லா’ என்ற கிருமி இருக்கலாம். அது மனிதருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு உண்டாக்கும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் கட்டில் விடக் கூடாது. குளிப்பாட்டும் டப் தனியாக இருக்கட்டும். தண்ணீரில் விட்டதும் அதிலேயே கழிவு போகும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இகுவானா வேண்டவே வேண்டாம்.

பதிவு கட்டாயம்

பச்சை இகுவானா சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் உள்ள பிராணி. வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் 1-4-2023 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி இதை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும்.

அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டு, அது முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர் 30 நாளுக்குள் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் பதுக்கிக் கொண்டுவரும் அபூர்வப் பிராணிகளை சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். விலை குறைவு என்று காகிதம் இல்லாத குட்டியை வாங்கினால் தலைவலி உங்களுக்குத்தான். யாரிடமிருந்து வந்தது என்ற எழுத்து ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஏரியில் விடாதீர்கள்

வளர்க்க முடியாமல் போனால் சிலருக்கு ஒரு யோசனை தோன்றும். “செம்பரம்பாக்கம் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம். எங்கயாவது பிழைச்சுப் போகட்டும்.” ஐயோ, வேண்டாம்!

அமெரிக்காவின் புளோரிடாவில் அப்படி விட்டதும், தப்பியதும்தான் இன்று பெருகிக் கிடக்கின்றன. கால்வாய்க் கரையையும் தடுப்புச் சுவரையும் வளை தோண்டிக் கெடுக்கின்றன. தோட்டத்துச் செடியை மேய்கின்றன. 2018 ஜனவரி குளிரில் அவை விறைத்துப்போய் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்ததை உலகமே பார்த்தது. 2021-ல் அங்கே புதிதாக இகுவானா வளர்ப்பதற்கே தடை வந்தது. தைவானிலும் இதே கதைதான்.

புளோரிடாவிலாவது குளிர் வந்து கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது. நம் ஊரில் குளிர் ஏது? ஏரிக்கரையில் ஒரு பெண் இகுவானா ஒரு தடவைக்கு 20 முதல் 70 முட்டை வரை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வளர்க்க முடியாவிட்டால் வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படைப்பதே முறை.

6 அடிக் கூண்டுக்கு இடம், தினம் வெயில், கட்டுக் கட்டாகக் கீரை, இரண்டு மாதத்துக்கு 98 யூனிட் கரண்ட், 15 ஆண்டு பொறுமை. இந்த ஐந்துக்கும் “சரி” என்று சொல்ல முடிகிறவர்கள் வாங்கலாம். ஒன்றுக்கு “பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தாலும், பிள்ளைக்கு ஒரு வண்ண மீன் தொட்டி வாங்கிக் கொடுங்கள். பையனும் சந்தோஷப்படுவான், ஒரு வாயில்லா ஜீவனும் தப்பிக்கும்!