லினக்ஸ் திரையில் விண்டோஸ் செயலிகள்

லினக்ஸுக்கு மாற நினைக்கும் தமிழர் பலரைத் தடுத்து நிறுத்துவது ஒரே ஒரு விண்டோஸ் மென்பொருள்தான். அது கணக்கெழுதும் செயலியாக இருக்கலாம். பாமினி எழுத்துருவில் பல வருடங்களாகச் சேர்த்த பேஜ்மேக்கர் கோப்புகளாகவும் இருக்கலாம்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, 1993-இல் தொடங்கிய வைன் திட்டம். விண்டோஸ் செயலியின் கேள்விகளுக்கு லினக்ஸிலேயே பதில் சொல்லும் அடுக்கு இது. பல செயலிகள் ஓடும், சில முரண்டு பிடிக்கும். இன்னொன்று, செயலியை விண்டோஸ் கணினியிலேயே ஓடவிட்டு அதன் திரையை மட்டும் இங்கே வரவழைப்பது. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன்.

இதற்கான ஆர்டிபி நெறிமுறை, 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. இங்கிருந்து விசைத்தட்டல்களும் சுட்டி அசைவுகளும் போகும். அங்கிருந்து படம் வரும். நினைவகம், எழுத்துரு, உரிமம் எல்லாம் அங்கேயே. மைக்ரோசாஃப்ட் லினக்ஸுக்கு எதுவும் தராத காலத்தில் மேத்யூ சாப்மன் ஆர்டெஸ்க்டாப்பை எழுதினார். அதிலிருந்து 2009-இல் கிளைத்தது ஃப்ரீஆர்டிபி. அதை வளர்த்த முன்னணியாளர்களில் ஒருவரான மார்க்-ஆந்த்ரே மோரோ கியூபெக்காரர். பிறகு அவர் சேர்ந்த டெவலூஷன்ஸ் நிறுவனம் இருப்பது லவால்ட்ரியில். கர்க்லாண்டிலிருந்து மாண்ட்ரியல் தீவைக் கடந்து வடகிழக்கே போனால் வரும் ஊர். ஆர்டெஸ்க்டாப் இப்போது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஃப்ரீஆர்டிபியையோ, அதன்மேல் அமைந்த ரெம்மினாவையோ நிறுவிக்கொள்ளுங்கள்.

முழுத் திரையும் வேண்டாம், அந்தச் செயலியின் சாளரம் மட்டும் போதும் என்றால்? யூனிக்ஸின் எக்ஸ் சாளர முறைக்கு இது 1980-களிலேயே கைவந்த வேலை. மைக்ரோசாஃப்ட் 2008-ஆம் ஆண்டு சேவையகப் பதிப்பில்தான் ரிமோட்ஆப் என்று கொண்டுவந்தது. வீட்டில் இதைச் செய்து பார்க்க வின்ஆப்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியாக ஓடும் விண்டோஸிலிருந்து தனித்தனிச் சாளரங்களை ஃப்ரீஆர்டிபி வழியே எடுத்துத் தருகிறது.

தமிழுக்கு வருவோம். பொதுவாக ஆர்டிபி அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுந்தியது என்ற எண்ணை. எனவே லினக்ஸில் தமிழ்99 வைத்திருந்தாலும் அங்கே ஆங்கில விசைப்பலகை இருந்தால் ஆங்கிலமே விழும். விண்டோஸ் பக்கம் தமிழ் விசைப்பலகையை இயக்குங்கள், லினக்ஸ் பக்கம் ஆங்கிலத்தில் விட்டுவிடுங்கள். பாமினிக் கோப்புகள் பழுதின்றித் தெரியும், எழுத்துரு வரையப்படுவது அங்கேதானே. ஆனால் அந்த வாசகத்தை நகலெடுத்து லினக்ஸில் சாதாரண உரையாக ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கும். ஏனெனில் பாமினி தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கிறது. அங்கேயே ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

விண்டோஸ் ஹோம் பதிப்பு இத்தகைய இணைப்பை ஏற்காது, புரோ வேண்டும். புரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான்: நீங்கள் இங்கிருந்து நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும்.

சென்னையில் இருக்கும் கணினியை இங்கிருந்து பிடிக்க ரவுட்டரில் 3389 வாயிலைத் திறந்துவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2019-இல் வெளிப்பட்ட புளூகீப் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அந்த வாயில் வழியே நுழைய இடம் கொடுத்தது. எஸ்எஸ்ஹெச் சுரங்கமோ விபிஎன்னோ அமைத்து அதற்குள் ஆர்டிபியை அனுப்புங்கள். அமைக்க அரை மணி நேரம் ஆகும்.