சொந்த லாரி, சூப்பர் மார்க்கெட் லோடு: ஆம்பூர் 'ஓனர் கம் டிரைவர்' கையில் நிற்பது எவ்வளவு?

ராத்திரி 11 மணிக்கு மேல் ஆம்பூரில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து கோயம்பேடு போகும் காய்கறி, துறைமுகத்துக்குப் போகும் ஷூ பெட்டிகள், காலையில் கடை திறப்பதற்குள் இறக்க வேண்டிய சூப்பர் மார்க்கெட் சரக்கு எல்லாமே இந்த ரோட்டில்தான். ஸ்டியரிங் பிடித்திருப்பவர்களில் சிலர் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் இல்லை. ஆர்.சி. புக் அவர்கள் பெயரில், மாதாந்திர டியூ அவர்கள் தலையில். லாரி செட்டில் இவர்களுக்குப் பெயர் 'ஓனர் கம் டிரைவர்'.

குடோனிலிருந்து கடைக்குச் சரக்கு கொண்டுபோக சூப்பர் மார்க்கெட் நிறுவனமே லாரி வாங்கி நிறுத்த வேண்டியதில்லை. ஒரு டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தால் போதும். அவர் தன்னிடம் உள்ள வண்டிகளோடு, வெளி வண்டிகளையும் 'அட்டாச்' செய்து ஓட்டுவார். டிரிப்புக்கு இவ்வளவு அல்லது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசப்படும். டீசல், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பெரும்பாலும் வண்டிக்காரர் பொறுப்பு. கான்ட்ராக்ட் கை மாறினால் வண்டி நின்றுவிடும். டியூ நிற்காது.

லாபம் ரிட்டன் லோடில்தான்

ஆம்பூரிலிருந்து சென்னை சுமார் 185 கி.மீ. வழியில் பள்ளிகொண்டா, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என மூன்று டோல். வண்டி காலியாக ஓடும்போது லிட்டருக்கு 6 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் எம்டியாக ஓடினால் டீசலுக்கு மட்டும் ஏறக்குறைய 2,850 ரூபாய் போய்விடும். டோல், சாப்பாடு எல்லாம் தனி. அதனால்தான் போகும்போதும் வரும்போதும் லோடு இருக்க வேண்டும் என்று புக்கிங் ஆபீஸில் காத்துக் கிடக்கிறார்கள்.

இங்கேதான் ஆம்பூருக்கே உரிய ஒரு சிக்கல். ஊரில் லோடுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தோல் தொழிலைச் சுற்றியது. பெட்டியில் அடைத்த ஷூ என்றால் பிரச்சினை இல்லை. உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றினால் கதையே வேறு. உப்புத் தண்ணீர் பாடி பலகையில் இறங்கும், வாடை லேசில் போகாது. அதே வண்டியில் மறுநாள் அரிசியும் கோதுமை மாவும் ஏற்ற எந்தக் குடோன் சூப்பர்வைசர் சம்மதிப்பார்? சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உணவு அல்லாத பொருளை ஏற்றிய வண்டியில் உணவு ஏற்றுவதற்கு முன் முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதிமுறை. ஆக, மளிகை லோடை நம்பி இறங்குபவர், ஊரிலேயே கிடைக்கும் தோல் லோடுக்கு 'வேண்டாம்' சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓவர்லோடு யார் தப்பு?

சிப்ஸ், பிஸ்கட் என்றால் வண்டி நிறைந்தாலும் எடை ஏறாது. அரிசி, எண்ணெய் என்றால் பாதி பாடியிலேயே எடை தொட்டுவிடும். 2018-ல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு ஆக்சில் லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆனது. அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டியவரும் ஓட்ட அனுமதித்தவரும் இதில் பொறுப்பு. ஓனரே டிரைவர் என்றால் இரண்டும் ஒரே ஆள்தான்.

இதுபோக மற்ற மாநிலங்களுக்கும் போக நேஷனல் பெர்மிட் வேண்டும், ஆண்டுக்கு 16,500 ரூபாய். வண்டிக்கு 8 வயதாகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் வருடா வருடம். நம்ம 'குட்டி யானை' ஓட்டுபவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி: மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே தேவையில்லை.

முதலாளியா, தொழிலாளியா?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961-ல் வந்த சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. தனி ஆளாக வண்டி வைத்து ஓட்டுபவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

விபத்திலும் இதே கதைதான். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எதிராளிக்கானது, வண்டியின் சொந்தக்காரருக்கு அதில் பணம் வராது. அவருக்கென்று இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-ல் இந்தத் தொகை உயர்த்தப்பட்டது. லைசென்ஸ் காலாவதியாகி இருந்தால் அதுவும் கையை விட்டுப் போகலாம்.

இவர்கள் தொழிலாளியா, தனித் தொழில் செய்பவரா என்ற கேள்வி அமெரிக்காவிலும் ஓயவில்லை. பலரை ஊழியராகவே கருத வேண்டும் என்ற கலிபோர்னியா சட்டத்தை எதிர்த்து, 2022 ஜூலையில் ஓக்லாந்து துறைமுகத்தையே முடக்கியவர்கள் சொந்த லாரி ஓட்டுபவர்கள்தான்! பாதுகாப்பை விட சுதந்திரம் முக்கியம் என்பது அவர்கள் வாதம்.

வாடகை பாக்கி இழுத்தால்?

சரக்கு இறக்கிய பிறகும் பில் பாஸாக வாரக்கணக்கில் ஆகலாம். டீசலோ பெரும்பாலும் கைக்காசு. இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. 'உத்யம்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் வண்டிக்காரரும் குறு நிறுவனம்தான். அவருக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும், தாமதித்தால் வட்டி. லோடு எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், வாடகை பேசியதை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

வரியிலும் கவனிக்க ஒன்று உண்டு. 10 வண்டிக்குள் வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது. அந்த ஒரு தாளைக் கொடுக்காததால் பிடித்தம் போய், பிறகு ரீஃபண்டுக்கு ஆடிட்டர் ஆபீஸுக்கு அலைபவர்கள் உண்டு.