உங்களுக்குத் தெரியுமா? கப்பலில் முதலில் ஏறுவது யார்?
கோலியர்ஸ் வுட்டிலிருந்து உல்லாசக் கப்பல் பிடிக்கப் போகிறவர்கள் நார்தர்ன் லைனில் ஏறி, கென்னிங்டனில் மாறி, வாட்டர்லூ வழியாக சவுத்தாம்ப்டன் சேரலாம். துறைமுகத்தில்தான் நீண்ட வரிசை. காலையில் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிட்ட அதே கப்பல், அன்று மாலையே வேறு ஆயிரக்கணக்கானோருடன் புறப்படும். அதனால் ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய நேரம் குறித்துக் கொடுப்பார்கள்.

அடிக்கடி பயணிப்பவர்களுக்குத் தனி வரிசை உண்டு. பயணித்த இரவுகளுக்குப் புள்ளிகள் தந்து, அவற்றை வைத்து அவர்களைப் படிகளாகப் பிரிப்பார்கள். பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திட்டமான 'பெனின்சுலர் கிளப்'பில் ஓர் இரவுக்கு 10 புள்ளிகள். உச்சப் படியான 'லிகூரியன்' ஆக 2,501 புள்ளிகள் வேண்டும். அதாவது 251 இரவுகள் கடலில்! ராயல் கரீபியன் நிறுவனத்தில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறை எடுத்தால் இரண்டு. ஆனால் எந்தப் படியில் இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.



வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? புள்ளிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். நடக்கச் சிரமப்படுவோருக்கான சக்கர நாற்காலி உதவிக்குப் புள்ளி எதுவும் தேவையில்லை. டிக்கெட் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.