இதன் அடியில் ஓர் ஊர் இருக்கிறது

தக்காடாவுக்குப் பனிக்காலத்தில் வருகிறவன் ஊரைத் தேடி அலைவானாம். வெள்ளைவெளேரென்று வெட்டவெளி. நடுவில் ஒரு பலகை: ‘இதன் அடியில் தக்காடா இருக்கிறது.’ ஜப்பானில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற பழங்கதை இது. பலகையை நட்டவர் யார் என்று விசாரிக்க வேண்டாம். கதையை நம்பவைக்கிற கணக்கு ஒன்று வானிலை நிலையத்தின் ஏட்டிலேயே இருக்கிறது. 1945 பிப்ரவரி 26 அன்று அந்த ஊர்த் தரையில் கிடந்த பனியின் உயரம் 3.77 மீட்டர். தரைத்தளம் முழுகி, மாடிச் சன்னல் வாசலாக மாறுகிற உயரம்.

பனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி விடியலும் புல் நுனியில் துளியும்தான். இங்கே பேசுவது வானத்திலிருந்து கொட்டிக் குவிகிற வெண்பனியை. தக்காடா, இன்று நீகாட்டா மாநிலத்தின் ஜோஎத்சு நகரத்தில் ஒரு பகுதி. துருவத்தை ஒட்டிய ஊரெல்லாம் இல்லை. ஏதென்ஸ் நகரத்துக்கும் தெற்கே உள்ள அட்சரேகையில் கிடக்கிறது. அங்கே எப்படி இவ்வளவு பனி?

விடை நமக்குப் பழக்கமானதுதான். வடகிழக்குப் பருவக்காற்று நிலத்திலிருந்து வறண்டு கிளம்பி, வங்கக் கடல்மேல் நீரை வாரிக்கொண்டு வந்து நம் கரையில் கொட்டுகிறது அல்லவா? அதே வேலையைத்தான் சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்றும் செய்கிறது. இடையில் இருப்பது ஜப்பான் கடல். அதற்குள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டம் பாய்கிறது. உறையவைக்கும் காற்றுக்கு அந்தக் கடல், அடுப்பில் வைத்த தண்ணீர் மாதிரி. ஆவியைக் குடித்துக் கனத்த காற்று, ஹொன்ஷு தீவின் முதுகெலும்பான மலைத்தொடரில் முட்டி மேலே ஏறும்போது சுமையை இறக்கிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மூன்று மீட்டர் பனி. அந்தப் பக்கம், டோக்கியோவில், வறண்ட காற்றும் நீல வானமும்.

இந்த அநியாயம் அரசியல் மேடையிலும் ஏறியது. பின்னாளில் பிரதமரான தனகா காகுஏய் நீகாட்டாக்காரர். 1946இல் முதல்முறை தேர்தலில் நின்றபோது, அந்த மலைத்தொடரில் உள்ள மிக்குனி கணவாயைத் தகர்த்துவிட்டால் பனிக்காற்று டோக்கியோ பக்கம் போய்விடும், வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டினால் சாடோ தீவையும் நிலத்தோடு சேர்த்துவிடலாம் என்று மேடையில் முழங்கினாராம். அந்தத் தேர்தலில் தோற்றார். சிரிப்பு வந்தாலும், மலைதான் பனிக்குக் காரணம் என்ற அளவில் அவர் சொன்னது சரியான பாடம். அந்தப் பனி உருகி ஓடும் தண்ணீரில்தான் நீகாட்டாவின் பேர்பெற்ற நெல் விளைகிறது என்பதை மட்டும் மேடையில் விட்டுவிட்டார்.

மலையைத் தகர்க்க முடியாதவர்களுக்கு எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: விழுந்ததை எங்கே கொட்டுவது? பனியோடு வாழும் ஊர்களின் கட்டடமும் கருவியும் சண்டையும் சமாதானமும் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பனி லேசானது என்பது படம் பார்க்கிறவர்களின் நினைப்பு. புதிதாக விழுந்தது பஞ்சுதான். சில நாள் கிடந்து அமுங்கிவிட்டால் ஒரு கன மீட்டர் 300 கிலோவைத் தாண்டும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அது நின்றால் 30 டன். ஆறேழு யானைகள் கூரைமேல் ஏறி நிற்கிற சுமை. சும்மா விட்டால் உத்திரம் முறியும். ஆகவே கூரைமேல் ஏறித் தள்ளியாக வேண்டும். இதற்கு ‘யுக்கி ஓரோஷி’ என்று பெயர், பனி இறக்குதல். நெருக்கமாக வீடுகள் நிற்கும் தெருவில் எங்கே தள்ளுவது? தெருவில்தான். அந்நாளில் எல்லா வீட்டுக்காரரும் தள்ளத் தள்ள, தெரு எழும்பிக் கூரைக்குச் சமமாகிவிடும். எதிர்வீட்டுக்குப் போக அந்தப் பனிமலையில் படி வெட்டுவார்கள்.

அப்படியானால் நடப்பது எங்கே? இதற்குத் தக்காடா கண்ட விடைதான் ‘கங்கி’. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசல் பக்கத் தாழ்வாரத்தைத் தெரு ஓரம்வரை இழுத்து, கீழே ஓர் ஆள் தாராளமாக நடக்க இடம் விட்டிருக்கிறார். அடுத்த வீட்டிலும் அப்படியே. வரிசையாகச் சேர்ந்தபோது கூரை வேய்ந்த நடைபாதை ஆகிவிட்டது. இன்றும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, ஜப்பானிலேயே நீளமானது. கவனிக்க வேண்டியது, இது நகராட்சி போட்ட பாதை அல்ல. நிலம் வீட்டுக்காரருடையது. மராமத்தும் அவர் பாடு. ஊரார் கால் பதிக்கத் தன் பட்டா நிலத்தில் ஒரு கீற்றை விட்டுவைத்திருக்கிறார், அவ்வளவுதான். வழிப்போக்கர் உட்காரத் திண்ணை கட்டியவர்களுக்கு இந்த மனக்கணக்கு விளங்கும்.

இரண்டாவது விடை, தண்ணீர். இது பக்கத்து நாகவோக்கா நகரத்தின் கைவரிசை. ‘காக்கி நோ தானே’ என்ற காரமான அரிசிப் பொரிக்குப் பேர்போன தின்பண்டக்காரர் இமாய் யோசாபுரோ, நிலத்தடி நீர் கசிகிற இடத்தில் மட்டும் பனி தங்காததைக் கவனித்தார். குளிர்காலத்திலும் நிலத்தடி நீரின் வெப்பம் 13 டிகிரியை ஒட்டியே இருக்கும். சாலை நடுவே துளையிட்ட குழாயைப் புதைத்து அந்த நீரைப் பீய்ச்சினால்? 1961இல் நாகவோக்கா தெருவில் அது நடந்தது. இரண்டே ஆண்டில், 1963இல், நாடு முழுக்க 200 பேருக்கு மேல் பலிகொண்ட பெரும்பனி வந்தபோது குழாய் போட்ட தெரு திறந்தே கிடந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, ஊர் ஊராகக் குழாய். இரும்புச் சத்துள்ள நீர் ஓடி ஓடிச் சாலைகள் துருப்பிடித்த செம்பழுப்பு நிறத்தில் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். 1982இல் நீகாட்டாவுக்கு வந்த புல்லட் ரயிலின் தண்டவாளத்திலும் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சித்தான் பனியை விரட்டுகிறார்கள்.

இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு. ஒரு கிலோ பனியை உருக்க 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 13 டிகிரி நீர் ஒரு லிட்டர், குளிர்ந்து உறைநிலைக்கு இறங்கும்வரை கொடுக்கக்கூடியது 13 கிலோ கலோரிதான். ஆக, ஒரு கிலோ பனிக்கு ஆறு லிட்டருக்கு மேல் தண்ணீர். ஊர் முழுக்க ஒரே இரவில் மோட்டாரைப் போட்டால் நிலத்தடி என்ன ஆகும்? தரை அமுங்கியது. தக்காடாவிலும் அதே மாநிலத்து முயிகாமாச்சி பகுதியிலும் பனிக்கால நீர் இறைப்பால் நிலம் இறங்க, கட்டுப்பாடுகள் வந்தன. பனி விழும்போது மட்டும் இயங்கும் உணர்கருவி, சாலைக்குச் சாலை முறைவைத்துப் பீய்ச்சுதல் என்று இப்போது சிக்கனம் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: இந்தக் குழாய் நீகாட்டாவில் செல்லுபடியாகக் காரணம், அங்கே ஜனவரியிலும் சராசரி வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலே நிற்பதுதான். அதனால்தான் அங்கு விழும் பனி ஈரமும் பாரமுமாக இருக்கிறது. வடக்கே ஹொக்கைடோ தீவில் இதே குழாயைப் போட்டால், சாலை கண்ணாடியாகிவிடும். ஆண்டுக்கு ஐந்து மீட்டரை ஒட்டிப் பனி பெய்யும் சப்போரோவில், இரவெல்லாம் இயந்திரங்கள் வாரி, லாரிகள் அள்ளி, ஊருக்கு வெளியே மலைபோல் குவிக்கின்றன. அயலூரின் விடையை அப்படியே வாங்கிப் போட முடியாத பரீட்சை இது.

கொட்ட இடம் தேடி அலுத்தவர்களில் சிலர், எதற்குக் கொட்ட வேண்டும் என்று கேட்டார்கள். தக்காடாவுக்கு அருகே 1890இல் திராட்சைத் தோட்டம் போட்ட காவாகாமி சென்பேய் அப்படி ஒருவர். ஒயின் புளிக்கும்போது சூடேறிக் கெட்டது. குளிர்சாதனம் ஏது? 1898இல் கல்லால் ஒரு நிலவறை கட்டி, பக்கத்தில் பனியை அடைத்துவைத்துக் குளிர்வித்தார். பனிக்குவியலைத் தடிமனான வைக்கோலால் மூடி வெயில்காலம்வரை காக்கும் வித்தை அந்த வட்டாரத்துக்குப் பழசு. இன்று ‘யுக்கிமுரோ’ எனப்படும் பனி அறைகளில் அரிசி, காய்கறி, சாக்கே மது எல்லாம் மின்சாரச் செலவு அதிகமில்லாமல், காயாமல், உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடக்கின்றன.

ஆனால் கூரைப்பனிக்கு வித்தை எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. அகன்ற தட்டும் வளைந்த கைப்பிடியும் கொண்ட தள்ளுகருவி ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெண்களும் தள்ளலாம் என்பதால் ‘மாமாசான் டம்ப்’ என்று பெயர். அம்மாவின் டிப்பர் லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் செல்லமாக இருக்கிறதே தவிர வேலை அப்படி இல்லை. 2005–06 பனிக்காலத்தில் ஜப்பானில் 152 பேர் இறந்தார்கள். பலரும் பனி அகற்றும்போது கூரையிலிருந்து விழுந்தவர்கள், சரிந்த பனியில் புதைந்தவர்கள். பெரும்பகுதியினர் 65 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் டோக்கியோவில், நீல வானத்தின் கீழ் வேலை பார்க்கிறார்கள். ஏணியில் ஏறுகிறவர் எழுபதைத் தாண்டிய அப்பா. பனி தானே வழுக்கி விழும் செங்குத்துக் கூரை, முழுச் சுமையையும் தாங்கும் கூரை, வாழும் தளத்தைத் தூக்கிவைத்த வீடு என்று புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வழி உண்டு. பழைய வீட்டில் தனியே இருக்கிறவருக்கு ஏணிதான்.

2021 ஜனவரியில் தக்காடாவில் 24 மணி நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. கங்கி வரிசையின் கீழ் வழக்கம்போல ஆட்கள் நடந்தார்கள். ஆனால் வரிசை முன்புபோல் முழுசாக இல்லை. சொந்தக்காரர் இறந்தோ ஊரைவிட்டுப் போயோ வீடு இடிபட்ட இடங்களில் தாழ்வாரமும் போய்விட்டது, பல் விழுந்த மாதிரி. அந்த இடம் வந்ததும் நடக்கிறவர் குடையை விரித்து, முழங்கால் பனியில் இறங்கி, நாலைந்து மீட்டர் கடந்து, பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்துக்குள் மறுபடி ஏறிப் பூட்ஸைத் தட்டிக்கொள்கிறார்.